எட்டாம் நம்பர் கம்பியா, 50-க்கு 6 பட்டையா?

கேள்வி: காசிமேட்டில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறேன். 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் எங்களுக்குச் சொந்தமானது. பழைய மெயின் போர்டு துருப்பிடித்து உளுத்துவிட்டதால் 400 ஆம்பியர் பிரேக்கருடன் புதிய பேனல் வைக்கிறோம். எர்த் எந்த அளவில் போடுவது என்பதில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். வயரிங் வேலை செய்யும் என் மைத்துனர், எட்டாம் நம்பர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி இரண்டு இழை போதும் என்கிறார். ஒப்பந்தக்காரர் 25-க்கு 6 ஜி.ஐ. பட்டை, அதாவது 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் என்கிறார். பேனல் விற்றவரோ, 50-க்கு 6 போடுங்கள், இல்லையென்றால் தாமிரமே போட்டுவிடுங்கள் என்கிறார். எர்த் குழிகளை அளந்தபோது ஒவ்வொன்றும் ஒரு ஓம் அளவில்தான் காட்டியது. குழி இவ்வளவு நன்றாக இருக்கும்போது மெல்லிய கம்பி ஏன் போதாது?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால் மற்றது வெறும் கணக்கு.

காசிமேட்டில் சில அடி தோண்டினாலே உப்புநீர் ஊறுகிறது. அந்த மண்ணில் குழி குறைந்த ஓம் காட்டுவது கடல் செய்த உபகாரம். உங்கள் கம்பிக்கு அதில் பங்கில்லை. அந்த ஒரு ஓமை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பேனலுக்குள் ஒரு ஃபேஸ் கம்பி தளர்ந்து தகட்டில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் மண்ணுக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. அது கிளம்பிய இடமான டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்குத் திரும்பியே ஆக வேண்டும். மண் வழியாகத்தான் திரும்ப வேண்டுமென்றால், உங்கள் குழியில் ஒரு ஓம், நியூட்ரல் குழியில் ஒரு ஓம், ஆக இரண்டு ஓம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் உள்ள 250 வோல்ட்டை இரண்டால் வகுத்தால் 125 ஆம்பியர். உங்கள் 400 ஆம்பியர் பிரேக்கருக்கு அது சாதாரண லோடு, இறங்காது, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்காது. அதே நேரத்தில் பேனலின் தகட்டில் ஏறத்தாழ 125 வோல்ட் நிற்கும். ஐஸ் தொழிற்சாலையின் தரை எந்த நேரமும் ஈரம். ஐஸ் அச்சைத் தூக்கி வந்தவர் வெறுங்காலுடன் பேனலில் கை ஊன்றினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே பேனலின் எர்த் பார், டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் எர்த்தோடு உலோகத்தால் இணைந்திருக்க வேண்டும். மண் அதற்கு ஈடாகாது. 'பாடி எர்த் வேறு, நியூட்ரல் எர்த் வேறு, இரண்டையும் சேர்க்கக் கூடாது' என்று பழைய வயர்மேன்கள் சிலர் இன்னும் அடித்துச் சொல்வார்கள். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்கவே கூடாது. உங்கள் இடத்தில் அந்த இணைப்புப் பட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் அதுதான் இருக்காது.

அந்த உலோகப் பாதை கிடைத்துவிட்டால் மின்னோட்டம் 125-இல் நிற்காது. 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் 433 வோல்ட்டில் தரும் முழு லோடு 333 ஆம்பியர். அதன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் உள்தடை) 4.5 சதவீதம், பெயர்ப்பலகையிலேயே பொறித்திருப்பார்கள், சரிபாருங்கள். 333-ஐ 0.045-ஆல் வகுத்தால் 7,400 ஆம்பியர். கேபிளின் நீளத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் உங்கள் பேனல் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் அந்தக் குறைவை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். எர்த் பட்டையின் அளவைத் தீர்மானிப்பது இந்த 7,400-தான். 'லோடு எவ்வளவு?' என்று கேட்டுவிட்டு எர்த் அளவு சொல்பவர் கேள்வியையே தவறாகக் கேட்கிறார்.

அடுத்தது, எவ்வளவு நேரம். பிரேக்கர் கண் இமைப்பதற்குள் இறங்கிவிடும், பிறகு ஏன் இவ்வளவு கனமான பட்டை என்று உங்கள் மைத்துனர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் பழுது பிரேக்கருக்கு முன்பாக, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கேபிள் வந்து சேரும் முனையிலேயே நேர்ந்தால், உங்கள் பிரேக்கர் அதைப் பார்க்கவே பார்க்காது. 11 கே.வி. பக்கத்து ஃபியூஸ்தான் அறுக்க வேண்டும். அதற்கு நேரமாகும். அதனால்தான் ஒரு விநாடி என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர நிர்ணயம் எர்த்திங்குக்கான நடைமுறை விதிகளைச் சொல்கிறது. அதன்படி, மூடாத உலோகத்தில் ஒரு விநாடிக்கு ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்குவது: தாமிரம் 205 ஆம்பியர், அலுமினியம் 126, இரும்பு 80. ஒரு விநாடி இல்லாமல் வேறு நேரம் என்றால், மின்னோட்டத்தை அந்த நேரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிவிட்டு இதே எண்ணால் வகுக்க வேண்டும். மூன்று விநாடி என்றால் இரும்பு 46-தான் தாங்கும்.

உங்களுக்கு 7,400-ஐ 80-ஆல் வகுத்தால் 92.5 சதுர மி.மீ. கடற்கரை என்பதால் அரிப்புக்காக நான் 30 சதவீதம் கூட்டுவேன். 120 ஆகிறது. 25-க்கு 3 பட்டை 75 சதுர மி.மீ.; போதாது. 25-க்கு 6 என்றால் 150. உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்னதே சரி.

மைத்துனரின் கம்பியையும் அளந்துவிடலாம், இல்லாவிட்டால் வீட்டில் மனக்கசப்பு வரும். எட்டாம் நம்பர் கம்பியின் விட்டம் 4.06 மி.மீ., பரப்பு 13 சதுர மி.மீ. ஒரு விநாடிக்கு 1,040 ஆம்பியர் தாங்கும். 7,400 ஆம்பியர் ஓடினால் அது தன் எல்லையான 500 டிகிரி வெப்பத்தைத் தொட 20 மில்லி விநாடி போதும். நம் மின்சாரத்தின் ஒரே ஒரு சைக்கிள் அது. இரண்டு இழையும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டால்கூட நான்கு சைக்கிள். அதற்குள் பிரேக்கர் இறங்கிவிட்டால் கம்பி பிழைக்கும். இறங்காவிட்டால் பாதையே அறுந்து, பேனல் தகடு முழு வோல்ட்டில் நிற்கும். ஆனால் அதே கம்பி, 4 சதுர மி.மீ. தாமிர ஒயரில் ஓடும் உங்கள் 5 எச்.பி. தண்ணீர் பம்புக்குச் சரியாகப் பொருந்தும். மைத்துனர் இத்தனை நாள் போட்டது அப்படிப்பட்ட மோட்டார்களுக்காக இருந்திருக்கும். அங்கே அவர் சொல்வதில் பிழையில்லை.

50-க்கு 6 பட்டை 300 சதுர மி.மீ. நாளைக்கு 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறும் எண்ணம் இருந்தால் இப்போதே அதைப் போடுங்கள்: அதே 4.5 சதவீதத்தில் 14,800 ஆம்பியர் வரும், அரிப்பையும் சேர்த்து 240 சதுர மி.மீ. வேண்டும். மாறும் எண்ணம் இல்லையென்றால் இரும்புக்குக் கொடுக்கும் பணம் வீண்.

தாமிரத்தை மட்டும் உங்கள் இடத்தில் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கணக்குப்படி 36 சதுர மி.மீ. போதும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் நீங்கள் அம்மோனியா வைத்து ஐஸ் உறைய வைக்கிறீர்கள். அம்மோனியா லைனில் பித்தளை வால்வு மாட்டுவீர்களா? மாட்டமாட்டீர்கள். அதே காரணம்தான் இதற்கும். ஈரத்தோடு சேர்ந்த அம்மோனியா தாமிரத்தைத் தின்றுவிடும். கம்ப்ரசர் அறைக்குப் பக்கத்தில் தாமிரப் பட்டை போட்ட ஒரு இடத்தைப் பார்த்திருக்கிறேன். மயில்துத்தம் பூசியதுபோல் நீலம் பூத்து, போல்ட் முனையில் விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது.

ஜி.ஐ. பட்டை மட்டும் கடல் காற்றில் சிரஞ்சீவியா என்றால், இல்லை. திருவொற்றியூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில், சுவரோரம் பச்சை பெயின்ட் பளபளக்க ஓடிய 25-க்கு 6 பட்டையைக் காட்டி, "பாருங்கள் சார், புதுசு மாதிரி இருக்கிறது" என்றார்கள். குனிந்து, பட்டை தரைக்குள் இறங்கும் இடத்தில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். பெயின்ட் உரிந்து செதில் செதிலாக விழுந்தது. கனம் அளக்கும் வெர்னியர் வைத்தால் இரண்டு மில்லிமீட்டர். மேலே 150 சதுர மி.மீ. இருந்து என்ன பயன்? பட்டையின் அளவு, அதன் மெலிந்த இடத்தின் அளவுதான். மண்ணும் காற்றும் சந்திக்கும் அந்த ஒரு சாண் உயரத்துக்குத் தார்ப் பூச்சும் அதன்மேல் டேப்பும் சுற்றுங்கள். துளையிட்ட இடத்திலும் அறுத்த முனையிலும் துத்தநாகப் பூச்சு போய்விட்டிருக்கும். அங்கே ஜிங்க் பெயின்ட் தடவாமல் விடாதீர்கள். இணைப்புகளில் பட்டைமேல் பட்டை நன்றாகப் படிந்து, இரண்டு போல்ட்டாவது இருக்க வேண்டும். பெயின்டின் மேலேயே போல்ட்டை முறுக்குவது இங்கே ஒரு கெட்ட பழக்கம். சுரண்டிவிட்டு முறுக்கச் சொல்லுங்கள். பேனல் கதவுக்குத் தனியாக ஒரு பின்னல் ஒயர் வேண்டும், ஈயம் பூசியதாக. கீல் எர்த் ஆகாது.

பேனலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் சட்டப்படி கட்டாயம். இரண்டு இருக்கிறதே, ஆளுக்குப் பாதி அளவு போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது. ஒன்று அறுந்த நாளில் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு. ஆகவே இரண்டும் 25-க்கு 6.

வெளியே போகும் கேபிள்களுக்குக் கணக்குப் போட்டு அலுத்துக்கொள்ள வேண்டாம். ஃபேஸ் கம்பி 16 சதுர மி.மீ. வரை எர்த்தும் அதே அளவு. 16-க்கு மேல் 35 வரை எர்த் 16. அதற்கு மேல் ஃபேஸின் பாதி. இது இரண்டும் ஒரே உலோகம் என்றால். உங்கள் 60 எச்.பி. கம்ப்ரசர் மோட்டாருக்கு 25-க்கு 3 ஜி.ஐ. பட்டை இரண்டு, தாராளம். கேபிளைச் சுற்றியுள்ள இரும்புக் கவசமான ஆர்மர் இருக்கிறதே, அதுவே எர்த்தாகட்டும் என்று விடாதீர்கள். உப்புக் காற்றில் முதலில் உளுப்பது, அந்த ஆர்மரைப் பேனலோடு பிடித்திருக்கும் கேபிள் கிளாண்டுதான்.

சிறிய கசிவுகளுக்கு, கசிவை உணர்ந்து பிரேக்கரை இறக்கும் எர்த் லீக்கேஜ் ரிலே கட்டாயம் வேண்டும். ஆனால் அதை மாட்டிவிட்டோம் என்பதற்காகப் பட்டையின் அளவைக் குறைக்க முடியாது.

பட்டை வாங்க மண்ணடி இரும்புக் கடைகளுக்குத்தான் போவீர்கள். கையில் வெர்னியரோடு போங்கள். '25-க்கு 6' என்று கேட்டால் எல்லாம் ஆறாக வராது. முழு ஆறு என்றால் ஒரு மீட்டர் ஏறத்தாழ 1.18 கிலோ எடை நிற்கும். ஐந்து மி.மீ. வந்தால் 125 சதுர மி.மீ.; உங்களுக்கு வேண்டிய 120-ஐ மயிரிழையில் தாண்டும், விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். நாலரை வந்தால் 112. வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.