14 கிலோ பெட்டிக்கு 20 கிலோ கட்டணமா?

கேள்வி: பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கிறேன். பெங்களூரு வழியாக விமானத்தில் அனுப்பும் 14 கிலோ பெட்டிக்கு 20 கிலோ என்று பில் வருகிறது. இது சரியா? ஓசூரிலேயே விமான நிலையம் வந்தால் தீருமா? – வாசகர், தளி

பதில்: பெட்டியின் அளவைச் சொல்லவில்லையே! நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள், அதில் வருவதும் தராசு காட்டுவதும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், ஏனென்றால் பூ எடை குறைவு, ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். 100, 40, 30 என்றால் சரியாக 20 கிலோ. அதனால் பூ நசுங்காத அளவுக்கு உயரம் குறைந்த பெட்டியாகப் பாருங்கள், 5 சென்டிமீட்டர் குறைந்தாலே 3 கிலோவுக்கு மேல் மிச்சம்.

ஓசூர் விமான நிலையத்தை 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், 2000 ஏக்கரில். ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்கு 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிதாக இன்னொன்று வரக்கூடாது என்று, அதை நடத்தும் நிறுவனத்தோடு மத்திய அரசு போட்ட ஒப்பந்த நிபந்தனை குறுக்கே நிற்கிறது. நம் மாவட்டத்துப் பூவுக்கு அது வந்தே ஆகவேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

வந்தாலும் ஓடுபாதை மட்டும் போதாது, குளிர் அறையும் பூவில் நோய், பூச்சி இல்லை என்று சான்று தரும் அலுவலகமும் பக்கத்திலேயே வேண்டும். அதுவரை, பறித்த பூவை உடனே 2 முதல் 4 டிகிரிக்குக் குளிர்வித்து, குளிர்சாதன வண்டியில் ராத்திரியே கிளப்பிவிடுங்கள், பெங்களூரு நெரிசலில் வெயிலோடு மாட்டினால் பூ அங்கேயே விரிந்துவிடும்.