பழைய பென்ட்லி கான்டினென்டல் ஜிடி: கேட்டதும் சொன்னதும்

இந்தச் சொகுசு காரைப் பற்றித் தென்னாப்பிரிக்காவில் பல ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும். கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் தம்பி: அண்ணே, 2005 மாடல் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

விலை இறங்கியது வண்டிக்குத்தான், ஸ்பேருக்கு இல்லை. ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில், ஸ்டார்ட் பண்ணுமுன் போய்ப் பாருங்கள். நாலு டயருக்கும் மேலே உள்ள இடைவெளியில் விரலை நுழைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் இடைவெளி குறைந்திருந்தால் ஏர் சஸ்பென்ஷனில், அதாவது வண்டியைத் தாங்கும் காற்றுப் பையில், காற்று கசிகிறது. விற்பவர் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கம்ப்ரெசர் காற்றேற்றிக் குறையை மறைத்துவிடும். அப்புறம் பானெட். 6 லிட்டர் எஞ்சின், 12 சிலிண்டர், காற்றை அமுக்கி உள்ளே தள்ள இரண்டு டர்போ. கை போக இடமில்லை. உள்ளே ஒரு ரப்பர் குழாய் போனால் குழாய் விலை சில்லறைதான். சில வேலைக்கு எஞ்சினையே இறக்க வேண்டும், அந்தக் கூலிதான் ஆளைச் சாய்க்கும்.

டோங்காட்: மணிக்கு 318 கிலோமீட்டர் போகுமாமே?

போகும். என்3 நெடுஞ்சாலையில் அனுமதி 120தான்.

உம்ஷ்லாங்கா அக்கா: எப்போதாவதுதான் எடுக்கிறோம், பேட்டரி செத்துப்போகிறது.

டிக்கியில் இரண்டு பேட்டரி அக்கா. ஒன்று ஸ்டார்ட்டருக்கு, மற்றது மீதி எல்லாவற்றுக்கும். இரண்டையும் சோதியுங்கள். நிறுத்தும்போது சார்ஜரில் போடுங்கள்.

பீனிக்ஸ்: கல்யாண வாடகைக்கு விடலாமா?

இரண்டே கதவு. பட்டுப்புடவையும் மாலையுமாக ஒரு பெண்ணைப் பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இங்கிலாந்திலிருந்து பழையது இறக்கலாமா?

குடியேற வருகிறவர், நாடு திரும்புகிறவர் மாதிரி சிலருக்குத்தான் இறக்குமதி பெர்மிட். அது கையில் வராமல் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

வெருலம்: 2006 மாடல் எடுக்கலாமா?

மேலே படியுங்கள். காலையில். ஸ்டார்ட் பண்ணுமுன்.

ஜோகானஸ்பர்க்: இங்கே 93 ஆக்டேன் பெட்ரோல் போதும்தானே?

போதாது. 95 போடுங்கள்.

லெனேசியா மாமா: என் வண்டிகள் எல்லாம் 93-லேயே ஓடின. மேட்டு நாட்டுக்கு அதுதான் கணக்கு!

கணக்கு சரி மாமா, வண்டி வேறு. ஜோகானஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே. காற்று மெலிவு, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு. அதனால் டர்போ இல்லாத வண்டி 93-ல் தட்டாமல், அதாவது பெட்ரோல் தானாகப் பற்றி டக்டக்கென்று சத்தம் போடாமல், ஓடும். டர்போ அந்தக் காற்றைத் திரும்ப அமுக்கித் தள்ளுகிறதே! மலை தந்த சலுகை அங்கேயே போயிற்று.

லெனேசியா மாமா: கம்ப்யூட்டர் சரிசெய்யாதா?

செய்யும். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றும், பவரைத் தின்றுவிடும். 12 சிலிண்டருக்குக் காசு கொடுத்துவிட்டு பம்ப்பில் சில்லறை பார்ப்பானேன்? பெட்ரோல் மூடித் தகட்டின் உள்பக்கம் எழுதியிருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாங்கர்: எடுக்கலாமா அண்ணே, 2004 மாடல்...

காலையில், தம்பி.