வரிசை எண் அழிந்த ரோலெக்ஸ்: கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: டர்பனில் பழைய நகைகளும் கைக்கடிகாரங்களும் விற்கும் கடை ஒன்றில், 1970-களைச் சேர்ந்த ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் 52,000 ராண்டுக்கு வாங்கினேன். "சேகரிப்பாளர்களுக்கு உகந்தது, முற்றிலும் அசல்" என்று விளம்பரம் செய்திருந்தார்கள். காப்பீட்டுக்காக மதிப்பிடக் கொடுத்தபோது, வரிசை எண் இல்லை, பாதி விலைகூடத் தேறாது என்று கூறிவிட்டார்கள். கடைக்காரரோ பில்லில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' (உள்ளது உள்ளபடி) என்று எழுதியிருப்பதைக் காட்டிக் கைவிரிக்கிறார். பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? எண்ணைப் புதிதாகப் பொறித்துக்கொள்ளலாமா?
வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன்: எண்ணைப் பொறிக்க வேண்டாம். இன்று நீங்கள் ஏமாற்றப்பட்டவர். புது எண்ணைப் பொறித்துக் கடிகாரத்தை விற்றால் மோசடி செய்தவர் ஆகிவிடுவீர்கள். வழக்கு முடியும்வரை அதற்கு மெருகு போடவும் கொடுக்காதீர்கள், ஏனெனில் அந்த உலோகப் பரப்புதான் உங்கள் முதல் சாட்சி.

அக்கால ரோலெக்ஸில் பட்டையைக் கழற்றினால் ஆறு மணிப் பக்க இடுக்கில் வரிசை எண்ணும், பன்னிரண்டு மணிப் பக்கத்தில் மாடல் எண்ணும் தெரியும். பட்டையின் முனை பல ஆண்டுகள் உரசுவதாலும், வியர்வை அரிப்பதாலும், அளவுக்கு மீறி மெருகு போடுவதாலும் எண் மங்குவது உண்டு. ஆனால் அப்படித் தேய்ந்த இடத்தில் இலக்கங்களின் சுவடு ஆங்காங்கே மிஞ்சியிருக்கும், எதிர்ப்பக்க எண்ணும் ஓரளவு மங்கியிருக்கும். மாடல் எண் கூர்மையாக இருக்க, வரிசை எண் இருந்த இடம் மட்டும் மட்டமாக அராவப்பட்டிருந்தால் அதைத் தேய்மானம் என்று எவரும் நம்பமாட்டார்கள். கடிகாரம் எந்த விற்பனையாளர் வழியாக வெளிச்சந்தைக்குப் போனது என்று தெரியாமலிருக்க எண்ணை அழித்த வியாபாரிகளும் ஒரு காலத்தில் இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் இன்று வாங்க வருபவருக்கு முதலில் தோன்றுவது திருட்டுப் பொருளோ என்ற ஐயமே. எண் இல்லாவிட்டால் லண்டனிலுள்ள வாட்ச் ரெஜிஸ்டர் போன்ற திருட்டுக் கடிகாரப் பதிவேடுகளில் சரிபார்ப்பதும் கடினம். விலை சரிவதற்கு முதன்மைக் காரணம் இதுவே. (பழைய ஒமேகாவாக இருந்தால் எண் பெரும்பாலும் உள்ளே இயந்திரத்தில் இருக்கும், வெளியே காணவில்லை என்று பதற வேண்டியதில்லை.) எனவே சுயேச்சையான கடிகார வல்லுநர் ஒருவரிடம் இரு பக்கங்களையும் உருப்பெருக்கிப் படமெடுத்து, காரணத்தையும் இரண்டு மதிப்பீடுகளையும், அதாவது எண்ணுடன் இருந்தால் என்ன விலை, இல்லாமல் என்ன விலை என்பதையும், எழுத்தில் பெறுங்கள்.

இனித் தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு வருவோம். ஃபூட்ஸ்டூட்ஸ் வாசகம், தனியார் ஒருவர் தம் பழைய பொருளை விற்கும்போது அவரைக் காக்கும். அவரையும்கூட, குறையை அறிந்தே மறைத்திருந்தால் காக்காது. தொழிலாகவே விற்கும் கடைக்காரரை 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன் 55-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட குறையைத் தெளிவாக எடுத்துச் சொல்லி, வாங்குபவர் அதை ஏற்றிருந்தால்தான் அவர் தப்ப முடியும். பில்லின் மூலையில் ஒரு பொதுச் சொல்லை எழுதுவது அதற்கு ஈடாகாது. 56-ஆம் பிரிவு, குறையுள்ள பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது.

எதிர்த்தரப்பு என்ன வாதிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "கடிகாரம் சரியாக ஓடுகிறது, எண் இல்லாதது குறையே அல்ல" என்பார்கள். அது அற்பமான வாதமன்று, ஏனெனில் பொருளின் பயன்பாடு குன்றுவதையே சட்டம் குறை என்கிறது, விலை குறைவது மட்டும் போதாது. ஆகவே நான் 55-ஆம் பிரிவை மட்டும் நம்பமாட்டேன். தவறான தகவல் தந்து விற்பதைத் தடுக்கும் 41-ஆம் பிரிவையும் சேர்த்தே வைப்பேன். "முற்றிலும் அசல்" என்ற விளம்பரம் உங்கள் கையில் உள்ள மிகக் கூர்மையான ஆயுதம். அதை நீக்குவதற்குள் படமெடுத்து வையுங்கள்.

கடிகாரம் திருட்டுப் பொருள் என்று தெரியவந்தால் நிலைமை வேறு. நல்லெண்ணத்துடன் வாங்கியவரிடமிருந்தும் உண்மையான உரிமையாளர் ஈடு எதுவும் தராமல் அதை மீட்கலாம். உங்கள் இழப்பைக் கடைக்காரர் ஈடுசெய்ய வேண்டும்; ஆனால் உரிமை கோரி எவரேனும் வந்தால் கடைக்காரருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள், தெரிவிக்காமல் ஒப்படைத்தால் அவரிடம் ஈடு கேட்கும் உரிமை பறிபோகக்கூடும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்: 1955-ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத் திருத்தச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, திருட்டு என ஐயப்படத்தக்க பொருள் எப்படி வந்தது என்று விளக்க இயலாதவர் குற்றவாளியாகிறார். 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள்கள் சட்டப்படி கடைக்காரர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், யாரிடம் வாங்கினார் என்ற பதிவையும் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டாலே பலர் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்துவிடுகிறார்கள்.

பொருளைத் திருப்பித் தந்து முழுத் தொகையைக் கோரும் கடிதத்தை, வல்லுநர் அறிக்கையுடன், 6 மாதம் முடிவதற்குள் அனுப்புங்கள். மறுத்தால் நுகர்வோர் பொருள்கள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வரம்பு 20,000 ராண்ட் மட்டுமே. முழு விலையையும் கேட்பதானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.