பலகை வேலையைக் கடைசிக்கு வையுங்கள்: பழைய வீட்டு வேன் ஒன்றைப் புதுப்பிப்பது பற்றி

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். என் மாமா தொண்ணூறுகளில் வந்த டொயோட்டா டொல்பின் வேன் ஒன்றுக்குள் கட்டில், அலுமாரி, அடுப்பு மேடை எல்லாம் வைத்து வீடு போலச் செய்திருந்தார். அவருக்குப் பிறகு வேன் நான்கு ஆண்டுகளாகத் தார்ப்பாய்க்கு அடியிலேயே நின்றது. எஞ்சின் வேலை செய்கிறது. ஆனால் பலகைகள் உப்பிவிட்டன, உட்கூரையில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, பின்கதவுக்கு அருகே தரை காலுக்கு அமுங்குகிறது. மரவேலை பாஸ் ஒருவர் இருப்பதைக் கழற்றி எறிந்துவிட்டு 18 மில்லிமீற்றர் பலகையில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து தருவதாகச் சொல்கிறார். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் போய்வருவதற்குத்தான். அவருக்கு முற்பணம் கொடுக்கலாமா? எரிவாயு அடுப்பும் சோலாரும் வைக்கலாமா?

பதில்: முற்பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம். கழற்றி எறிவது வரைக்கும் அந்த பாஸ் சொல்வது சரி. அதற்கு அடுத்தபடியாக வேனுக்குள் நுழைய வேண்டியவர் மரவேலைக்காரர் அல்லர், டிங்கரிங் என்னும் வாகனத் தகரவேலை தெரிந்தவர். தரை அமுங்குகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி, பலகைக்குக் கீழே தகரமும் போயிருக்கக்கூடும் என்பதைச் சொல்கிறது. அதைப் பார்க்காமல் மேலே புதுப்பலகை அடித்தால், இரண்டு மழைக்காலத்துக்குள் இதே கடிதத்தை மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.

உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றித் தரைத் தகரம் தெரியும்வரை வெறுமையாக்குங்கள். பிறகு ஒரு பழைய ஸ்குரூ டிரைவரையும் சிறு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சக்கர வளைவுகள், பின்கதவுப் படி, கதவுகளின் அடிவிளிம்பு, கூரையோரத்து மழைக்கால்வாய், முன்கண்ணாடி இறப்பரின் கீழ்மூலைகள் ஆகிய இடங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகரம் மொத்தென்று ஒலிக்கும், ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கும் இடங்களை வெட்டி எடுத்துப் புதுத்தகரம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டுமே தவிர, புட்டி பூசி மறைக்க இடம் கொடுக்காதீர்கள். புட்டி ஓட்டையை அடைக்கும், பாரத்தைத் தாங்காது. நாளை உங்கள் கட்டிலும் இருக்கைகளும் போல்ட் போடப்படுவது இந்தத் தரையில்தான். அடிச்சட்டத்தில், குறிப்பாக ஸ்பிரிங் பொருந்தும் இடங்களில் துரு ஆழமாக இறங்கியிருந்தால், வேறு எதற்கும் செலவு செய்வதற்கு முன்பு அந்த வேனை வைத்திருப்பதா என்று யோசியுங்கள். மாமாவின் நினைவு என்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

தகரவேலை முடிந்ததும், பெயின்ட் அடிப்பதற்கு முன், தண்ணீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். தோட்டக் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மட்டத்திலும் பத்து நிமிடமாவது தண்ணீர் அடிக்க, ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, உண்மையான ஓட்டை எதுவென்றே தெரியாமல் போய்விடும். அடைப்பதற்குக் குளியலறை சிலிக்கன் வாங்காதீர்கள்; அதன்மேல் பெயின்ட் ஒட்டாது, ஒருமுறை பூசிய இடத்தில் பின்னர் வேறு எதுவும் சரியாகப் பிடிக்காது. வாகனங்களுக்கென்று விற்கப்படும் பொலியூரிதேன் பசையே ஏற்றது. முன்கண்ணாடி இறப்பர் விறைத்திருந்தால் பசை பூசி ஒப்பேற்றாமல் இறப்பரையே மாற்றுங்கள்.

வெளியிலிருந்து வரும் தண்ணீர் பாதிதான். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு மீதிப் பாதியை விளக்கத் தேவையில்லை: ஜனவரி மாதத்து விடியற்காலையில், வெளியே ஒரு துளி மழையும் இல்லாத நேரத்தில், தகரக் கூரையின் உட்புறத்திலிருந்து போர்வைமேல் சொட்டு விழுமே, அதேதான் வேனுக்குள்ளும் நடக்கிறது. நான்கு பேர் ஓர் இரவு முழுவதும் மூச்சுவிட்டு உறங்கினால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கும் மேற்பட்ட தண்ணீர் ஆவியாக வெளிப்படுகிறது. இதெல்லாம் குளிர்ந்த தகரத்தைத் தேடிப்போய்ப் படிகிறது. நான் முதன்முதலாகச் செய்த வேனில் கூரைக்கும் உட்பலகைக்கும் நடுவே கண்ணாடிப் பஞ்சை நன்றாகத் திணித்து, வேலை பிரமாதம் என்று நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் ஆண்டில் உட்பலகையைக் கழற்றியபோது பஞ்சு பிழிந்தெடுக்கக்கூடிய அளவுக்கு நனைந்திருந்தது. கூரையில் ஊசி குத்தியதுபோல் துளைகள், அவற்றினூடாக வெளிச்சம் தெரிந்தது. பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்னக் கொடுத்துவிட்டது. ஆகவே, தண்ணீரை உறிஞ்சாத, மூடிய துளைகளைக் கொண்ட நுரைத்தாளை, துரு நீக்கிப் பிரைமர் பூசிய தகரத்தோடு இடைவெளியே இல்லாமல் ஒட்டுங்கள். கூரையில் மழை புகாத காற்றுப்போக்கி ஒன்றும், தரைமட்டத்தில் காற்று உள்ளே வர ஒரு வழியும் கட்டாயம் வேண்டும். குளிருக்குப் பயந்து இரண்டையும் அடைத்துவிட்டு உறங்கினால் நுரைத்தாளாலும் பயனில்லை.

இனி 18 மில்லிமீற்றர் பலகைக்கு வருகிறேன். எட்டடிக்கு நாலடி பிளைவுட் தாள் ஒன்று 18 மில்லிமீற்றரில் ஏறக்குறைய 32 கிலோ நிறை கொண்டது. 12 மில்லிமீற்றரில் 21 கிலோ, 6 மில்லிமீற்றரில் 11 கிலோ. உங்கள் பாஸ் ஆறு தாள் பயன்படுத்தினால் ஆணியும் கைப்பிடியும் சேர்க்காமலே 190 கிலோ ஆகிறது. அதற்குமேல் 60 லீற்றர் தண்ணீர் 60 கிலோ, எரிவாயு, பெட்டரி, பாய் படுக்கை, நான்கு பேர். சமவெளியில் இது டீசல் செலவு மட்டும்தான். மலைநாட்டில் நிலைமை வேறு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ இல்லாத டீசல் எஞ்சின் அந்த உயரத்தில் தன் வலுவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழந்துவிடும். உங்கள் டொல்பினில் இருப்பது 2.8 லீற்றர் த்ரீ எல் (3L) எஞ்சினாக இருந்தால், அதுவும் டேர்போ இல்லாததுதான்.

ஏறுவது மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். எனக்குக் கவலை இறங்குவதில்தான். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வரும்போது சுமார் 1400 மீற்றர் கீழே இறங்குகிறீர்கள். இரண்டரைத் தொன் வாகனம் அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் சக்தி, நூறு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் எஞ்சினும் காற்றும் சாலையும் எடுத்துக்கொள்ளாத பங்கு முழுவதும் பிரேக்கில்தான் வெப்பமாகிறது. நீங்கள் கூட்டும் ஒவ்வொரு 25 கிலோவும் அந்த அண்டாவில் இன்னொரு லீற்றரை ஊற்றுகிறது.

நான்கு ஆண்டுகள் நின்ற வேன் என்பதால் பிரேக் எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டொட் 3 தரத்தில் புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் சேர்ந்துவிட்டால் 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி உண்டானால் மிதி தரைவரை போகும், வேன் நிற்காது. எண்ணெய், இறப்பர்க் குழாய்கள், பின்சக்கரச் சிலிண்டர்கள் ஆகியவற்றை மாற்றாமல் அந்த வேனை வீதிக்கு எடுக்கவே கூடாது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது, பூ எவ்வளவு மிச்சமிருந்தாலும் அவ்வளவு பழைய டயர் வேண்டாம். இன்னொன்று: இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடும் பழக்கம் நம் பக்கத்துச் சாரதிகள் சிலரிடம் உண்டு. இந்த வேனில் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப், மின்சாரம் உண்டாக்கும் ஒல்டனேட்டரின் பின்னால் இருக்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

அலுமாரிகளை அலுமினியம் பெட்டிச்சட்டத்தில், மெல்லிய பலகை பொருத்திச் செய்யச் சொல்கிறேன். வீடுகளுக்குப் பென்ட்ரி கபட் செய்து கொடுக்கும் அலுமினியக் கடை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இருக்கிறது; அவர்களுக்கு அளவும் படமும் கொடுத்தால் போதும். கட்டிலின் மேற்பரப்புக்கு 12 மில்லிமீற்றர், மற்றதெல்லாம் 6 மில்லிமீற்றர். மலிவாகக் கிடைக்கிறதென்று கிரண்டிஸ் என்ற யூக்கலிப்டஸ் வகை மரத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள்; சரியாகக் காயாத கிரண்டிஸ் முறுக்கிக்கொள்ளும், கதவுகள் மூடாது. மரவேலை பாஸைக் கைவிட வேண்டியதில்லை, அவருக்குரிய வேலை இருக்கிறது, ஆனால் தடிமனை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வேன் ஓடும்போது நால்வரும் தரையோடு போல்ட் போட்ட, ஆசனப்பட்டியுள்ள, முன்னோக்கிய இருக்கைகளில்தான் அமர வேண்டும். பக்கவாட்டுப் பெஞ்சும் கட்டிலும் நின்ற பிறகு பயன்படுத்துவதற்கானவை.

எரிவாயு அடுப்பு வைக்கலாம், ஆனால் சிலிண்டர் உறங்கும் இடத்தோடு ஒரே காற்றில் இருக்கக்கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தண்ணீர்போல் தரையில் தேங்கும். உட்புறம் முற்றாக அடைக்கப்பட்டு, கதவு வெளிப்பக்கம் திறக்கும், அடியில் வெளிக்காற்றுக்கு ஓட்டையுள்ள ஒரு பெட்டிக்குள் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டுங்கள். நான்கு பேருக்கு ஐந்து கிலோ சிலிண்டர் போதும், 12.5 கிலோ வேண்டாம். குளிர் இரவுகளில் சுவாலை சோர்ந்தால் சிலிண்டரைச் சரித்து வைப்பார்கள். அப்போது வாயுவுக்குப் பதிலாகத் திரவமே குழாயில் வந்துவிடும். இப்படிச் செய்யவே கூடாது. சூடேற்றுவதற்காக அடுப்பை எரியவிடுவதும், நுவரெலியாவில் அறைகளில் செய்வதுபோல் கரிச்சட்டியை உள்ளே வைப்பதும் மணமில்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவால் உறக்கத்திலேயே கொன்றுவிடும். அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றையும், கதவருகே இரண்டு கிலோ உலர்தூள் தீயணைப்பான் ஒன்றையும் வாங்குங்கள். சமையல் பற்றி ஒன்று: நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும். ஒரு பிரஷர் குக்கர் எரிவாயுவையும் மிச்சப்படுத்தும், உள்ளே சேரும் ஆவியையும் குறைக்கும்.

சோலார் வைக்கலாம், ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்தில் மேகமும் மூடுபனியும் இருக்கும் நாட்களில் தகடு பெயருக்குத்தான் வேலை செய்யும். எஞ்சின் ஓடும்போது ஒல்டனேட்டரிலிருந்து இரண்டாவது பெட்டரிக்கு மின்னேற்றும் ஒழுங்குதான் முதன்மையாக இருக்க வேண்டும். நான்கு எல்.ஈ.டி. விளக்குகள், ஒரு சிறு விசிறி, தொலைபேசிகள் எல்லாம் சேர்ந்து ஓர் இரவுக்கு 250 வொட்-மணி அளவு. 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பெட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 600 வொட்-மணி கிடைக்கும், இரண்டு இரவுக்குப் போதும். குளிர்சாதனப் பெட்டி சேர்த்தால் கணக்கு மாறிவிடும். அறுகம்பைக்கோ திருகோணமலைக்கோ இறங்கும்போது ஒரு ஐஸ்பெட்டி போதாதா என்று மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டு வயரிங் செய்பவர் வழக்கம்போல் 7/0.67 கம்பியைத்தான் (0.67 மில்லிமீற்றர் இழைகள் ஏழு கொண்டது) இழுப்பார். ஐந்து மீற்றர் தூரத்துக்கு 10 அம்பியர் போனால், 12 வோல்ட்டில் அதனூடே 0.7 வோல்ட் இழக்கப்படும், 7/1.04 கம்பியில் 0.3 வோல்ட்தான். எந்தக் கம்பியானாலும் பெட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் பதிவுப் புத்தகத்தை எடுத்து, மாமா செய்த மாற்றமும் இருக்கை எண்ணிக்கையும் அதில் பதியப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பதியப்படாவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்து அனுமதி பெற்ற பின்னரே வெட்டுவதும் ஒட்டுவதும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வீட்டு வேன் என்று தெரியாமல் காப்புறுதி செய்த வாகனத்தில் எரிவாயுத் தீ என்றால் இழப்பீடு கிடைப்பது சந்தேகம். இரவில் நிறுத்தும் இடத்தைத் தேர்வதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

தகரவேலையையும் பெயின்டையும் ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் பிரைமர் அடித்தால் அதற்கடியிலேயே துரு தொடங்கும். எல்லாம் முடிந்து தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய பிறகு லொறி நிறுக்கும் தராசில் ஒருமுறை நிறுத்து, பதிவுப் புத்தகத்திலுள்ள மொத்த நிறையோடு ஒப்பிடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை ஏற்றாமல் நானுஓயா வழியாக நுவரெலியா ஏறி, இறம்பொடை வரை இறங்குங்கள். அங்கே நிறுத்தி நான்கு சக்கரங்களின் ரிம்முக்கு அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பாருங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுபோல் சூடாக இருப்பது வழக்கம். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கத்துப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும், ஆறவிட்டு மெதுவாகக் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.