எஸ்கிஸ்தா என்னும் எத்தியோப்பியத் தோள் நடனத்தை வீட்டிலிருந்தே கற்க முடியுமா? எங்கே தொடங்குவது?

முடியும். ஆனால் "எத்தியோப்பிய நடனம்" என்று பொதுவாகத் தேடாதீர்கள். எண்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழும் நாடு அது. எஸ்கிஸ்தா அம்ஹாரா மக்களுடையது. அதிலும் கோந்தர், கோஜாம், வொல்லோ என ஊருக்கு ஊர் பாணி மாறும். குராகே என்னும் இன்னோர் இனத்தாரின் ஆட்டத்தில் வேகமெல்லாம் காலில். வடக்கே திக்ராய் பகுதியில் மேளக்காரர்களைச் சுற்றி வட்டமாக நகர்ந்து, பிறகு எதிரெதிரே நின்று தோளையும் கழுத்தையும் ஆட்டுவார்கள். எல்லாவற்றையும் பத்தே நிமிடத்தில் கலந்து கற்றுத்தரும் காணொளிகளைத் தொடாதீர்கள். ஒரு பாணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காது, பிறகுதான் தோள். அம்ஹாரா ஆட்டப் பாடல்களில் அதிகம் வருவது சிக்சிகா என்னும் ஆறு எண்ணிக்கைத் தாளம். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது எளிது. "தகிட தகிட" என்று திஸ்ரத்தில், அதாவது மும்மூன்றாகச் சொல்லி, ஒவ்வொரு "த"விலும் கை தட்டுங்கள். இதையே நான்காக எண்ணினால் சற்று நேரத்தில் தோள் ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போய்விடும். குழப்பம் வந்தால் கெபெரோ மேளத்தின் பெரிய முகத்தில் விழும் கனத்த அடியைப் பிடியுங்கள். திசிதா மேஜர் என்னும் பண்ணில் அமைந்த பாடல்களின் ஐந்து ஸ்வரங்களும் மோகன ராகத்தின் ஸ்வரங்களே. அதனால் மெட்டு சீக்கிரமே காதில் ஒட்டிக்கொள்ளும்.

இனி உடம்பு. பாதங்களைச் சற்று அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி நில்லுங்கள். இரண்டு தோள்களையும் உயர்த்தி, அப்படியே விழ விடுங்கள். கீழே அழுத்தக் கூடாது, தானாக விழ வேண்டும். இந்த "விழுதல்" வராமல் அடுத்ததற்குப் போவதில் பயனில்லை. பிறகு இரு தோள்களையும் சேர்த்து முன்னும் பின்னும், அதன் பிறகு ஒன்று முன்னே போக மற்றது பின்னே. சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியில் நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கி, சுத்தமாக வந்தபின் ஐந்தைந்தாக ஏற்றுங்கள். மேடையில் நீங்கள் பார்க்கும் அந்த நடுக்கம் இதே அசைவின் வேகமான வடிவம்தான். நேரடியாக நடுங்க முயன்றால் கை மட்டுமே உதறும்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். அசைவு தோள்பட்டை எலும்பிலிருந்து வர வேண்டும். கையிலிருந்து தொடங்கினால் முழங்கை இறக்கை அடிக்கும், வேகமும் ஏறாது. இதைக் கண்டுபிடிக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து ஆடிப் பாருங்கள். இடுப்பு சுவரிலேயே இருக்க, தோள்பட்டை மட்டும் விலகி ஒட்ட வேண்டும். இடுப்பும் கூடவே வந்தால் வேகத்தைக் குறையுங்கள். அடுத்த தவறு, மூச்சைப் பிடித்துக்கொள்வது. மூச்சு நின்றால் கழுத்துத் தசை இறுகும், உடனே தோளும் பூட்டிக்கொள்ளும். ஆடுபவர்கள் அடிக்கு அடி "ஸ்... ஸ்..." என்று மூச்சு விடுவதைக் கவனியுங்கள், நீங்களும் அப்படியே விடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். கழுத்தில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நேரில் பார்க்க எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் அஸ்மாரி என்னும் பாட்டுக்கலைஞர்கள் பாடும் கேளிக்கை விடுதிகளுக்கு ஈடில்லை. குதிரைமுடியால் ஒற்றைத் தந்தி கட்டிய மாசின்கோவை வாசித்தபடி, வந்திருப்பவர்களைப் பற்றி அங்கேயே அடி கட்டிப் பாடுவார் அஸ்மாரி. வரிகளில் வெளிப்பொருள் ஒன்று, உள்பொருள் ஒன்று. கூட்டத்திலிருந்தும் வரி எடுத்துக் கொடுப்பார்கள், சட்டென்று குலவை எழும். ஆடுபவர் உங்கள் முன் வந்து தோளை ஆட்டினால் அது அழைப்பு. ஆட வராவிட்டாலும் எழுந்து நின்று நாலு அடிக்குத் தோளை அசையுங்கள், அதுதான் மரியாதை. கலைஞரின் நெற்றியில் பணத்தாளை ஒட்டுவது வழக்கமான பாராட்டு. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெண்கள் கரையிட்ட வெள்ளைப் பருத்தி உடை அணிந்து, நெதெலா என்னும் மெல்லிய மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பயிற்சிக்குத் தோள் இறுக்காத எந்த உடையும் சரி.

ஒன்றை மட்டும் தனியே வையுங்கள். ஜனவரி 19 அன்று (சில ஆண்டுகளில் 20) வரும், ஏசுவின் திருமுழுக்கைக் கொண்டாடும் திம்கெத் திருவிழாவில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பாடகர்கள் நீண்ட கோலும் கையில் குலுக்கும் சலங்கைக் கருவியும் ஏந்தி அசைந்தாடுவார்கள். 6ஆம் நூற்றாண்டின் புனித யாரேதின் வழிவந்ததாக அவர்கள் போற்றும் வழிபாடு அது. தாராளமாகப் பாருங்கள், ஆனால் அந்த அசைவுகளை எடுத்துக் கல்யாணத்திலோ கல்லூரி விழாவிலோ எஸ்கிஸ்தாவோடு சேர்த்து ஆடாதீர்கள்.