பதில்: பொட்டாசியம் ஏற்றினால் மூளைச் செல்களுக்கு இடையிலான இடைவெளி சுருங்குகிறது, எலக்ட்ரோடு கெட்டதா?

எலியின் ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கு உதவும் மூளைப் பகுதி) துண்டத்தில் பொட்டாசியத்தை 3-லிருந்து 10 மில்லிமோலாராக ஏற்றியதும், திசுவில் செல்களுக்கு வெளியே உள்ள இடத்தின் பங்கு 20%-லிருந்து 14% ஆனதாகச் சொல்கிறீர்கள். எலக்ட்ரோடை உடனே தூக்கிப் போடாதீர்கள். நியூரான்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட்டு எனும் மூளைச் செல்கள் செய்யும் வேலைதான் இது. கூடுதல் பொட்டாசியத்தைப் சோடியம்-பொட்டாசியம் பம்பு வழியாகவும் கிர்4.1 எனும் பொட்டாசியக் கால்வாய் வழியாகவும் உள்ளே இழுக்கின்றன. பைகார்பனேட் கடத்திக்கும் பங்குண்டு. அயனிகள் போனால் நீரும் பின்னாலேயே போகும். செல் வீங்கும், இடைவெளி ஒடுங்கும். அங்கே மிஞ்சும் குளூட்டமேட்டும் (நியூரான்களைத் தூண்டும் வேதிப்பொருள்) அடர்த்தியாகிவிடும், பக்கத்து நியூரான்களுக்கு அது தொந்தரவுதான்.

ஆனால் ஒன்று. நீங்கள் டெட்ராமெத்தில் அமோனியம் முறையில் (அந்த அயனியைக் கொஞ்சம் விட்டு, அது பரவுவதை எலக்ட்ரோடால் பார்த்து இடத்தைக் கணிப்பது) அளக்கிறீர்கள் என்றால், அந்த எலக்ட்ரோடில் நிரப்பும் அயனிப் பரிமாற்றி (அயனியை உணரும் திரவம்) பொட்டாசியத்தையும் உணரும். அளவுத்திருத்தத்தை 3 மில்லிமோலார் அகார் கூழில் மட்டும் செய்திருந்தால் சரிவராது. 10-லும் ஒருமுறை செய்து பாருங்கள். அப்புறம் பழைய 3 மில்லிமோலார் கரைசலை ஓடவிடுங்கள்: புதிய அளவுத்திருத்தத்திலும் சுருக்கம் தெரிந்து, பங்கு 20%-ஐ நோக்கித் திரும்பினால் வீக்கம் நிஜம். திரும்பாவிட்டால், முதலில் துண்டத்தின் ஆக்சிஜனைச் சந்தேகிப்பேன், அது குறைந்தாலும் செல்கள் வீங்கும்.