தொடை இடுக்கில் எரிச்சல்: எந்த நரம்பு காரணம்?

கேள்வி: எனக்கு வயது 42. ஐந்து மாதங்களுக்கு முன் வலது பக்கக் குடலிறக்கத்துக்கு வலை வைத்து ஆபரேஷன் செய்தார்கள். தையல் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் தொடை இடுக்கில் தீப்பட்டது போல எரிகிறது. தொடையின் உள்பக்கம் மரத்துப் போயிருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். நரம்பு அறுந்துவிட்டதா? கால் பலமிழக்குமா? தாம்பத்தியம் பாதிக்குமா?

பதில்: உங்களை அதிகம் பயமுறுத்துவது கடைசி இரண்டு கேள்விகள்தான். அவற்றை முதலில் பார்த்துவிடலாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தொடை இடுக்குத் தோலுக்கு உணர்ச்சி தரும் இலியோ-இங்குவினல் நரம்புதான் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். அது காலை அசைக்கும் நரம்பு அல்ல. விறைப்புத்தன்மைக்கான நரம்புகளும் வேறு. அவை முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வருகின்றன. உறவின்போது வலி தொந்தரவு தரலாம், ஆண்மை போய்விடாது.

இந்த நரம்பு முதல் இடுப்பு முள்ளெலும்புப் பக்கத்தில் புறப்படுகிறது. முதுகுப்புறத் தசையின் மேல் சரிந்து இறங்கி, இடுப்பெலும்பின் மேடு அருகே வயிற்றுச்சுவருக்குள் நுழைகிறது. அங்கே தசை அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் வந்து, விந்துவடத்தை (விதைக்குப் போகும் குழாய்களின் கட்டு) ஒட்டியபடி, தொடை இடுக்குக் கால்வாய் என்ற வயிற்றுச்சுவர்ப் பாதைக்குள் ஓடி, தோலுக்கு வருகிறது. தொடையின் உள்பக்க மேல்பகுதி, ஆணுறுப்பின் அடி, விதைப்பையின் முன்பக்கத் தோல் ஆகியவற்றின் உணர்ச்சி இதன் பொறுப்பு. பெண்களுக்கு அந்தரங்க மேட்டிலும் வெளி உதட்டிலும். போகிற வழியில் அடிவயிற்றுத் தசைகளுக்கும் சிறு கிளைகளைக் கொடுக்கிறது.

குடலிறக்கத்தைச் சரிசெய்யும் இடமும் அதே கால்வாய்தான். அறுந்துதான் இருக்க வேண்டும் என்றில்லை: தையலில் மாட்டலாம், வலையோடும் தழும்போடும் ஒட்டிக்கொள்ளலாம், இழுபட்டு நசுங்கலாம். மெல்லிய நரம்பு என்பதால் வழக்கமான ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரியாது. ஆகவே ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதற்காக உங்கள் வலி மனப்பிரமை ஆகிவிடாது. இதை யாரிடமும் நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பஞ்சால் தோலை மெல்லத் தடவி, உணர்ச்சி மாறும் எல்லையைப் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். நிமிர்ந்து காலைப் பின்னால் நீட்டும்போது வலி கூடி, முன்னால் குனிந்தால் குறைகிறதா என்றும் கவனியுங்கள். இந்த நரம்பு பாதித்தால் பலருக்கு அப்படித்தான் இருக்கும்.

இடுப்பெலும்பின் முன்முனை அருகே அல்ட்ராசவுண்ட் பார்த்து மரப்பு ஊசி போடுவதுதான் நல்ல சோதனை. சில நிமிடங்களில் வலி அடங்கினால் காரணம் அநேகமாக இந்த நரம்புதான். பக்கத்து நரம்புகளின் பகுதியும் ஒன்றோடொன்று கலந்திருப்பதால் நூறு சதவீதம் என்று சொல்ல மாட்டேன். மருந்து சற்றுப் பரவினால் அன்று சில மணி நேரம் தொடை தளரலாம், பயப்பட வேண்டாம்.

சாதாரண வலி மாத்திரைகள் இதில் அதிகம் உதவாது. கபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்றவை நரம்பு வலிக்கானவை. மயக்கம், தூக்கக் கலக்கம் வரும் என்பதால் டாக்டர் சொன்ன அளவிலேயே எடுங்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள். ஊசியையே சிகிச்சையாகத் திரும்பப் போடுவதும் உண்டு. எதுவும் பலிக்காவிட்டால் மட்டுமே நரம்பை வெட்டி எடுக்கும் ஆபரேஷன். அப்புறம் அந்த இடம் நிரந்தரமாக மரத்துப் போகலாம்.

திரும்ப வீக்கம் வந்து உள்ளே தள்ள முடியாமல் போனாலோ, வாந்தி, காய்ச்சல், விதையில் வீக்கம், காலில் நிஜமான பலவீனம் என ஏதாவது தெரிந்தாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.